இடப்பக்கத்து ஸ்டியரிங்

இரண்டு கார்களும் அருகருகே நின்றன. லூயிஷாமில், ரயில் பாலத்துக்குக் கீழே வளைவு வளைவாகக் கட்டியிருந்த அறைகளில் ஒன்றைக் கஸ்பர் வாடகைக்கு எடுத்திருந்தார். மேலே ரயில் போகும்போதெல்லாம் கூரையிலிருந்து தூசி விழும். அதனால் கார்களைப் பழைய கட்டில் விரிப்புகளால் மூடி வைப்பார். இன்றைக்கு அந்த விரிப்புகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன.

ஒன்று ஈ-டைப் ஜாகுவார், அறுபதுகளின் நடுப்பகுதியில் செய்தது, கரும்பச்சை. மற்றது போர்ஷ 911, எழுபதுகளின் தொடக்கம், வெள்ளி நிறம். இரண்டில் ஒன்று போகவேண்டும் என்று கஸ்பரின் மனைவி டொலறஸ் சொல்லிவிட்டார். எது போவதென்று கஸ்பரால் முடிவெடுக்க முடியவில்லை. வாங்குகிறவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"தியாகண்ணை, நீங்கள் கையைக் காட்டுங்கோ. நான் அங்கால திரும்பிக்கொண்டு நிக்கிறன்," என்றார் கஸ்பர். "எந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டு எனக்குப் பாக்க ஏலாது."

"ரெண்டையும் தாரும், ஒரு சத்தமும் இல்லாமல் போறன்," என்றார் தியாகராஜா.

"ரெண்டையும் தந்தா என்ர மனிசி என்னையும் சேத்து அனுப்பிப் போடுவா."

தியாகராஜா சிரித்தார். கிங்ஸ்பரியில் இரண்டு பலசரக்குக் கடைகள் வைத்திருந்தவர். ஒன்றை மகனுக்குக் கொடுத்து, மற்றதை விற்று, அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சனிக்கிழமை என்றால் என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது யதுசன் ஜாகுவாருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். எந்திரவியல் படித்தவன். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக, காசைக் கொடுப்பதற்கு முன் காரைப் பரிசோதித்துச் சொல்வது அவன் தொழில். வால்தம்ஸ்டோவில் தனியாக இருந்தான். முப்பத்துமூன்று வயது. அவன் மனைவி சயந்தினி போன ஐப்பசியில் இறந்துபோனாள். அதன் பிறகு அவன் வந்த வேலை எதையும் மறுப்பதில்லை. காருக்கு அடியில் கிடக்கிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு கார்களையும் பற்றிச் சேகரிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெகுகாலமாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஜாகுவாரைப் பார்ப்பதற்குத்தான் வாங்குகிறார்கள், ஓட்டுவதற்கு வேண்டுமானால் போர்ஷவை வாங்கவேண்டும் என்பார்கள் போர்ஷக்காரர்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றாத காரை எதற்கு வாங்குவது என்பார்கள் ஜாகுவார்க்காரர்கள். யதுசன் எந்தக் கட்சியும் இல்லை. செய்தபோது இருந்தது எவ்வளவு மிச்சம், பிறகு வந்து ஒட்டிக்கொண்டது எவ்வளவு, இந்த இரண்டையும்தான் அவன் பார்ப்பான்.

ஜாகுவாரின் அடித்தகட்டை யாரோ முன்பு வெட்டி மாற்றியிருந்தார்கள். நல்ல கை. இஞ்சின் நம்பரும் கார் நம்பரும் பொருந்தின. போர்ஷ கைபடாதது. பெயின்ற் கூடப் பெரும்பாலும் பழையதுதான். இடது கதவுக்குக் கீழே சில்லறைத் துரு. ஒரு காலத்தில் இத்தாலியில் ஓடிய கார், ஸ்டியரிங் இடப்பக்கம்.

வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"ரெண்டும் நல்லம், அங்கிள். ஓடிப் பாக்கவேணும்."

"நீர் ஓடும், நான் பக்கத்தில இருக்கிறன்," என்றார் தியாகராஜா.

"இல்லை. நீங்கள்தான் ஓடவேணும்."

அது அவன் முறை. வாங்கப்போகிறவர் ஓட்டவேண்டும், அவன் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். ஓட்டுகிறவனுக்கு ரோட்டுத்தான் கேட்கும். பக்கத்தில் சும்மா இருக்கிறவனுக்குத்தான் கார் கேட்கும். தியாகராஜா கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது. பிறகு ஜாகுவாரில் ஏறினார்.

பிளாக்ஹீத் ஏற்றத்தில் கார் இழுத்துக்கொண்டு போனது. இஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. நிறுத்தியிருந்த ஒரு வான் வண்டியின் பக்கக் கண்ணாடியை இடப்பக்கத்தில் மயிரிழையில் தாண்டினார்கள். அகலமான கார், பழக்கம் இல்லை என்று யதுசன் நினைத்தான். அடுத்த வளைவில் தியாகராஜா இடப்பக்கமாக ஒதுக்கினார். காரின் கூரையில் யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். ஒரு சைக்கிள்காரன்.

"எங்கயிருந்து வந்தவன் இவன்?" என்றார் தியாகராஜா.

சைக்கிள்காரன் எங்கேயிருந்தும் வரவில்லை. நெடுநேரமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தான். யதுசன் காரைக் கேட்பதை விட்டுவிட்டுத் தியாகராஜாவைப் பார்க்கத் தொடங்கினான். அவர் தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நேரே பார்க்கிறவர்கள் அப்படித் தலையை வைத்துக்கொள்வதில்லை.

வெள்ளைக் கோட்டுக் கடவையில் ஒரு பெண் இடப்பக்கத்திலிருந்து பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். காரின் வேகம் குறையவில்லை.

"பிறேக்! அங்கிள், பிறேக்!"

கார் நின்றது. பிறேக் நேராகப் பிடித்தது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. அதையும் யதுசன் மனதில் குறித்துக்கொண்டான். அந்தப் பெண் நன்றி சொல்வதுபோலக் கையை உயர்த்திவிட்டுப் போனாள்.

"அந்த ஓரத்தில நிப்பாட்டுங்கோ," என்றான். திடலின் ஓரமாக நிறுத்தினார்கள். புல்லில் சிலர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். "இடது கண் எவ்வளவு தெரியுது?"

தியாகராஜா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "உம்மைக் கார் பாக்கத்தான் கூப்பிட்டனான். கண் பாக்க இல்லை."

யதுசன் பட்டங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவசரமில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் எதிலும் அவசரமில்லை.

"நடுவில தெரியும்," என்றார் தியாகராஜா கடைசியில். "ஓரம்தான் இல்லை. கண்ணுக்குள்ள பிறெஷராம். வலதிலயும் தொடங்கீற்றுதாம், ஆனா அது கொஞ்சம். மருந்து விடுறன்."

"லைசன்ஸ் காரருக்கு அறிவிச்சனீங்களோ?"

"அறிவிச்சா புடுங்கிப் போடுவாங்கள்."

"அன்ரிக்கு?"

"அவவுக்குத் தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்கு நான் போறதே அவவுக்குத் தெரியாது." அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. "வெளிக்கிடேக்க எங்க எண்டு கேக்கிற பழக்கம் அவவிட்ட இல்லை. கேட்டாப் போற காரியம் சரிவராதாம். கலியாணம் கட்டின நாளில இருந்து கேட்டதில்லை. 'போட்டு வாறன்' எண்டா, 'ஓம்' எண்டுவா. அவ்வளவுதான்."

யதுசனின் வீட்டிலும் அப்படித்தான். அம்மா பழக்கியது. ஐப்பசியில் ஒரு காலை சயந்தினி சப்பாத்து மாட்டிக்கொண்டு, போட்டு வாறன் என்றாள். அவன் ஓம் என்றான்.

"சரி. இனி நான் சொல்லுறதைக் கேளும்." தியாகராஜா உற்சாகமாகத் திரும்பினார். "நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். எனக்கு இந்தப் பச்சைக் காரில்தான் விருப்பம். அதை மறைக்கேல்லை. ஆனா இதில நான் வலப்பக்கம் இருக்கிறன். எனக்கு இடப்பக்கமா அரைக் கார் கிடக்குது. அந்த அரைக் காரும் எனக்கு இல்லாத இடத்தில கிடக்குது. போர்ஷவில அப்பிடி இல்லை. நான் இடப்பக்கம், பேவ்மென்ற் எனக்குப் பக்கத்தில. இடப்பக்கமாக் கார் எண்டு ஒண்டும் மிச்சம் இல்லை. வலப்பக்கம்தானே எனக்குத் தெரியுது. சரியோ பிழையோ?"

யதுசன் யோசித்துப் பார்த்தான். இரண்டு கார்களையும் ஒப்பிட்டு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லக் கேட்டிருக்கிறான். இப்படி ஒருவரும் ஒப்பிட்டதில்லை. கணக்கில் பிழை இருக்கவில்லை, கணக்குப் போட்டவரில்தான் இருந்தது. பிள்ளை வண்டி தள்ளுகிற பெண் எந்தக் காரிலும் இடப்பக்கத்திலிருந்துதான் இறங்குவாள்.

"இந்த ஒரு கோடைதான், தம்பி. அவவை ஸ்கொட்லாந்து முழுக்கச் சுத்திக் காட்டப்போறன் எண்டு சொல்லிப் போட்டன். கடை தொடங்கின நாளில இருந்து அவ ஒரு கடற்கரை கண்டதில்லை. பிறகு நானே லைசன்ஸைக் குடுத்திடுவன். நீர் போர்ஷதான் திறம் எண்டு சொல்லும். பொய் இல்லைத்தானே."

"இறங்குங்கோ, அங்கிள். திரும்பிப் போகேக்க நான் ஓடுறன்."



வளைவு அறைக்குத் திரும்பியபோது தியாகராஜாவின் மனைவி தவமலர் வந்திருந்தார். சிவன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே வந்தவர். நெற்றியில் திருநீறு காயவில்லை. கையில் ஒரு பையில், வாங்குகிற காரின் சக்கரத்தில் வைத்து நசுக்க, தேசிக்காய்.

"எந்தக் கார் எண்டு சொன்னாத்தானே சில்லுக்கு வைக்கலாம்," என்று கஸ்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டுக்கும் ஏற்கனவே ஞானஸ்நானம் குடுத்தாச்சு. பாதர் வந்து தண்ணி தெளிச்சவர். உங்கட தேசிக்காயும் வைச்சா வண்டி குழம்பிப் போடும்."

"குழம்பாது. ஆரோ ஒருத்தர் பாத்துக்கொள்ளட்டும்." தவமலர் யதுசனைப் பார்த்தார். "வாரும் தம்பி. எது நல்லம்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தியாகராஜா தவமலருக்கு இடப்பக்கமாக நின்றுகொண்டு, அவனை மட்டும் பார்த்தார்.

"ஜாகுவார் வடிவு. வேலை செய்து எடுத்திருக்கினம், ஒழுங்கான வேலை," என்றான் யதுசன். "போர்ஷ அப்பிடியே இருக்கு, கைவைக்காதது. கொஞ்சம் துரு. சேர்க்கிற ஆக்கள் இப்ப கைவைக்காததைத்தான் தேடுகினம்."

"அப்ப போர்ஷதானே," என்றார் தியாகராஜா. "சொல்லும்."

மேலே ரயில் போனது. தூசி இரண்டு கார்களிலும் விழுந்தது. கஸ்பர் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். சத்தம் ஓயும் வரை யதுசன் காத்து நின்றான். சொல்லாமல் விடுவது சுலபம். பிழை இல்லாத கார், பிழை இல்லாத பதில். சம்பளமும் அதற்குத்தான்.

"அங்கிளுக்கு ரெண்டு காரும் சரிவராது, அன்ரி," என்றான். "அவருக்கு இடப்பக்கம் கண் தெரியேல்லை. இப்ப ஒரு பிள்ளையின்ர வண்டியை இடிக்கப் பாத்தவர்."

கஸ்பர் துடைப்பதை நிறுத்தினார். தியாகராஜா மெதுவாகத்தான் சொன்னார்.

"காட்டிக் குடுத்திட்டீர், என்ன?"

அந்த வார்த்தையை ஊரில் எங்கே வைத்திருந்தார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் அதற்காக ஆட்கள் லைற் போஸ்ற்றில் கட்டிச் சுடப்பட்டிருக்கிறார்கள். கஸ்பர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"என்ர மனிசிக்குக் கன நாளாத் தலையிடி," என்றான் யதுசன். காரின் குறையைச் சொல்லும் அதே குரல். "தன்ர தங்கச்சி அஜந்தாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறா. எனக்குச் சொல்லவேண்டாம், பயப்பிடுவன் எண்டு. அவவும் சொல்லேல்லை. நல்ல பிள்ளை, ஒருத்தரையும் காட்டிக் குடுக்கமாட்டா. செத்தவீட்டிலதான் சொன்னவ."

தவமலர் தேசிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். கணவனைச் சுற்றி நடந்து அவருடைய இடப்பக்கம் போய் நின்றார். கையைத் தூக்கினார்.

"நேர பாருங்கோ. தலையைத் திருப்பாதேங்கோ. என்ர கை எங்க நிக்குது?"

தியாகராஜா நேரே பார்த்தார். "உயரத்தில," என்றார்.

தவமலர் கையை எப்போதோ இறக்கிவிட்டிருந்தார்.

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசம் வரும்."

"ரெண்டு வருசம்." தவமலர் அதைத் திரும்பச் சொன்னார். அழவில்லை. "ரெண்டு வருசமா நான் உங்களுக்கு இடப்பக்கம் இருந்துதான் வந்தனான். அந்த இல்லாத பக்கத்திலதான் என்னைக் கொண்டு திரிஞ்சிருக்கிறியள். பேரப்பிள்ளையையும் எனக்குப் பின்னால இருத்திக்கொண்டு."

"இஞ்சரும்..."

"திறப்பைத் தாங்கோ."

"எந்தத் திறப்பு?"

"வீட்டுக் காரின்ர திறப்பு. நான் கோயிலுக்கு பஸ்ஸில வந்தனான், நீங்கள் அந்தக் காரிலதானே இஞ்ச வந்தனீங்கள். தாங்கோ."

தியாகராஜா பொக்கற்றில் கையைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது யதுசனைப் பார்க்கவில்லை. தவமலர் திறப்பைக் கைப்பையில் போட்டு, பையைச் சத்தமாகப் பூட்டினார். "திங்கக்கிழமை நானே லைசன்ஸ் காரருக்கு ஃபோன் அடிக்கிறன்."

"அப்ப ஸ்கொட்லாந்து?" என்றார் தியாகராஜா. கேட்டிருக்கக் கூடாது என்று உடனேயே தெரிந்த முகம்.

தவமலர் இரண்டு கார்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யதுசனிடம் திரும்பினார். "தம்பி, இதில எனக்கு எது ஏலும்?"

"உங்களுக்கோ?"

"ஏன், கடைக்குச் சாமான் ஏத்தின வானை ஆர் ஓடினது எண்டு நினைக்கிறீர்? இவர் கல்லாவில இருப்பார், நான் விடியப்புறம் போய் மரக்கறி ஏத்திக்கொண்டு வருவன். எனக்கு வலது முழங்கால் மட்டும்தான் சரியில்லை. சொல்லும்."

யதுசன் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. காலையில் பார்த்ததில் பாதி இப்போது பயன்படாது. ஜாகுவாரின் கதவைத் திறந்து, ஏறிப் பார்க்கச் சொன்னான். கதவடி அகலமும் உயரமும். தவமலர் முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கவேண்டியிருந்தது. சேலை ஒரு பக்கம் வெளியே நின்றது. உள்ளே போன பிறகு முன்னால் நீண்ட பச்சை மூக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இது வள்ளம் மாதிரி," என்றார் உள்ளேயிருந்து. "கரை எங்க நிக்குது எண்டே தெரியேல்லை. என்னைத் தூக்கிவிடுங்கோ."

கஸ்பரும் யதுசனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

போர்ஷவில் சாதாரணக் கதிரையில் இருப்பதுபோல இருந்துவிட்டார். நிமிர்ந்த இருக்கை, மெல்லிய தூண்கள், சுற்றிவரக் கண்ணாடி. காரின் நாலு மூலையும் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தன. கிளச்சை மிதித்துப் பார்த்தார். அது இடது கால், குறை இல்லாத கால்.

"இது ஏலும்," என்றார்.

"ஸ்டியரிங் இந்தப் பக்கம், அக்கா," என்றார் கஸ்பர். "முந்தேக்கதான் கரைச்சல். வலப்பக்கம் ஆரும் பாத்துச் சொல்லவேணும்."

"முந்தாமல் ஓடினாச் சரி," என்றான் யதுசன். "மற்றும்படி இதில எல்லாம் தெரியும்."

தவமலர் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற கணவனைப் பார்த்தார்.

"வலது கண் தெரியுதுதானே? இல்லாட்டி அதிலயும் பொய்யோ?"

"வலம் தெரியும்," என்றார் தியாகராஜா.

"அப்ப ஏன் நிக்கிறியள்? ஏறுங்கோ."

ஃபோனிலேயே ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தார் கஸ்பர். ஜாகுவாரில் பின்னிருக்கை இல்லை. போர்ஷவில் இருந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு அளவெடுத்ததுபோல. யதுசன் அதற்குள் குறுக்காக மடிந்து இருந்தான். முழங்கால் நாடிக்குப் பக்கத்தில் வந்தது. இஞ்சின் அவன் முதுகுக்குப் பின்னால்தான். வேறு எங்கேயிருந்தும் இவ்வளவு தெளிவாக அதைக் கேட்க முடியாது.

தவமலரின் இடக்கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டியது. இரண்டு தரம் கார் நின்றுபோனது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"அடிக்கட்டும். அவருக்கு என்ன அவசரம், தகப்பன்ர ரோட்டோ," என்றார். மூன்றாம் முறை கார் கிளம்பியது. ஏற்றத்தில் மூன்றாம் கியர் போடும்போது தவமலரின் தோள் இறங்கியிருந்தது. ஆறு சிலிண்டரும் சமமாக அடித்தன. எண்ணெய் மணம் கொஞ்சம் வந்தது, இந்த வயதுக் காருக்கு அது குறையில்லை.

பெற்றோல் முள் அடியில் கிடந்தது. வழியில் ஒரு நிலையத்துக்குள் விட்டார் தவமலர். "நான் பாத்துக்கொள்ளுறன், இருங்கோ," என்று இறங்கிப் போனார். கண்ணாடிக்கு வெளியே, குழாயைப் பிடித்துக்கொண்டு, காரின் முன்பக்கத்தைத் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு ஆண்களும் காருக்குள் இருந்தார்கள். தியாகராஜா திரும்பவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

"சயந்தினி."

பக்கத்துப் பம்பில் ஒரு லொறி வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கியது.

"நீர் செய்தது பிழை எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன்," என்றார் தியாகராஜா.

"ஓம், அங்கிள்."

"என்னட்ட ஒருக்கா சொல்லிப்போட்டு அவவிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்கள் என்னைச் சொல்ல விட்டிருக்கமாட்டியள்."

தவமலர் காசைக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். கதவை இழுத்துச் சாத்திய சத்தம் நன்றாக இருந்தது. நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரதான ரோட்டில் வாகனங்கள் வந்துகொண்டிருந்தன.

"வலப்பக்கம் பாருங்கோ," என்றார்.

பின்னாலிருந்தே யதுசனுக்கு ரோட்டு முழுக்கத் தெரிந்தது. தவமலருக்கும் தெரிந்திருக்கும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி காத்திருந்தார்.

தியாகராஜா உடம்பையே முன்னால் கொண்டுபோய், நாடி தோளில் முட்டும்படி திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பொறும். பஸ் ஒண்டு வருது."

பஸ் போனது. அதற்குப் பின்னால் ஒரு கார் போனது. இன்னொன்று.

"இப்ப?"

"பொறும் எண்டுறன்."

பின்னால் பெற்றோல் அடித்துவிட்டு நின்றவன் ஹோர்ன் அடித்தான். தவமலர் அசையவில்லை. தியாகராஜா இன்னொரு தரம் கடைசிவரை பார்த்தார்.

"ஒண்டும் இல்லை," என்றார். "இப்ப போம்."

தவமலர் கிளச்சை விட்டார்.